கொலராடோ ஆற்றின் வரவும் செலவும்

அமெரிக்காவின் தென்மேற்கில் பாயும் கொலராடோ ஆற்றைப் பற்றி எழுதுவோர் ஒரு சமாதானத்தைத் தவறாமல் கூறுவர். 1922ஆம் ஆண்டு ஏழு மாநிலங்கள் அவ்வாற்று நீரைப் பங்கிட்டுக்கொண்டன. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் மழையும் பனியும் மிகுதி. அன்றைய பொறியாளர்களுக்கு அது தெரியாது. ஆகவே கணக்குத் தவறிவிட்டது என்பதே அந்தச் சமாதானம். இதில் பாதிதான் உண்மை. மறுபாதியை ஏற்க இயலாது.

முதலில் அளவைகளைப் பார்ப்போம். அமெரிக்கர் ஆற்று நீரை ஏக்கர்-அடியில் அளப்பர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் 43,560 கன அடி. நமக்குப் பழக்கமான டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. எனவே 10 இலட்சம் ஏக்கர்-அடி ஏறத்தாழ 43.6 டி.எம்.சி. ஆகும். இப்படி மாற்றிப் பார்த்தால், லீஸ் பெர்ரி என்னுமிடத்தில் ஆண்டுக்குச் சராசரி 714 டி.எம்.சி. வரும் என்று அன்று மதிப்பிட்டிருந்தனர். காவிரி நடுவர் மன்றம் 2007இல் காவிரிக்குக் கொண்ட அளவு 740 டி.எம்.சி. ஆனால், லீஸ் பெர்ரிக்கு மேலுள்ள வடிநிலம் காவிரியின் மொத்த வடிநிலத்தைப் போல் மூன்றரை மடங்கு பரந்தது! வறண்ட வடிநிலம் என்றால் என்ன என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்த 714 எங்கிருந்து வந்தது? லீஸ் பெர்ரியில் நீரளவு நிலையம் ஏற்பட்டதே 1921இல்தான். அதற்கும் வெகு கீழே, யூமாவில் சுமார் இருபது ஆண்டுகள் எடுத்த அளவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டனர். இருபது அளவுகள் போதாவா என்று மாணவர்கள் கேட்கலாம். ஊசலின் அலைவு நேரத்தை இருபது முறை அளந்தால் சராசரி நன்றாகவே அமையும். ஏனெனில் ஓர் அளவின் பிழைக்கும் அடுத்ததன் பிழைக்கும் தொடர்பில்லை. ஆறு அப்படியன்று. ஈரமான ஆண்டுகள் கூட்டமாக வரும், வறண்டவையும் அப்படியே. எனவே அடுத்தடுத்த இருபது ஆண்டுகளின் அளவுகள், தொடர்பற்ற இருபது அளவுகளுக்கு ஈடாகா. இவ்வாற்றின் ஏற்ற இறக்கமோ சிறிதன்று. 1977இல் இயல்பான வரத்து 261 டி.எம்.சி.யைக்கூட எட்டவில்லை, 1984இல் அது 870ஐத் தாண்டியது.

இதை உணர்ந்தவர் அன்றே இருந்தார். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் நீரியலர் இ. சி. லாரூ, யூமாவின் அளவுகளோடு நில்லாமல், கிரேட் சால்ட் ஏரியின் பழைய நீர்மட்டக் குறிப்புகளையும் ஆராய்ந்தார். எண்ணியுள்ள திட்டங்களுக்கெல்லாம் ஆற்றில் நீர் போதாது என்று எச்சரித்தார். பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் இவரைப் போன்றோரின் குரலை எவ்வாறு ஒதுக்கினர் என்பதை எரிக் குன், ஜான் பிளெக் இருவரும் 2019இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளனர். பெரிய எண் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மேல் வடிநிலத்துக்கு 327, கீழ் வடிநிலத்துக்கு 327 என்று கொடுத்த பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றிற்று. அந்த மிச்சத்தை 1963க்குப் பின் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதியே எழுதி வைத்தனர்! செலவை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற வரவைத் தேடியது போலத்தான் இது எனக்குப் படுகிறது.

1944இல் மெக்சிகோவுக்கு 65 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டதும் செலவு 719 ஆயிற்று. லீஸ் பெர்ரிக்குக் கீழே சிற்றாறுகள் கொண்டுவரும் நீர் சிறிதளவே. 1976இல் மர வளையங்களைக் கொண்டு சில நூற்றாண்டுகளின் வரத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட சராசரி ஏறத்தாழ 588 டி.எம்.சி. பின்வந்த ஆய்வுகள் அதை 640 வரை உயர்த்தின, 714ஐ நெருங்கவில்லை. 2000க்குப் பிந்திய சராசரியோ சுமார் 540தான். காற்று வெப்பமடைந்துவிட்டதால், பனி உருகி வரும் நீரில் மண்ணும் செடிகொடிகளும் முன்னைவிட அதிகமாக எடுத்துக்கொள்கின்றன.

செலவுப் பக்கத்தில் உள்ள குறை இன்னும் வியப்பானது. ஹூவர் அணையால் உண்டான மீட் ஏரியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 6 அடி உயரமுள்ள நீர் ஆவியாகிறது. மிகையோ என்று ஐயுறுபவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 6 அடி நீரின் நிறை சுமார் 1,830 கிலோகிராம். ஒரு கிலோகிராம் ஆவியாக ஏறத்தாழ 24.5 இலட்சம் ஜூல் வேண்டும். நாளொன்றுக்கு வகுத்தால் 1.23 கோடி ஜூல். பாலைவன வெயில் அவ்விடத்தில் நாள்தோறும் சராசரியாகப் பொழியும் ஆற்றல் இதைவிட அதிகம். ஆகவே நம்பத்தக்க அளவுதான். இருந்தும், கீழ் வடிநில மாநிலங்களின் பங்குக் கணக்கில் இந்த இழப்பு யார் பெயரிலும் பற்று வைக்கப்படவில்லை! இதனாலும் பிற இழப்புகளாலும் சாதாரண ஆண்டிலேயே மீட் ஏரியில் சுமார் 52 டி.எம்.சி. துண்டு விழுந்தது. ஏரி நிறைந்திருந்த காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்க நேர்ந்தது. 2022இல் நீர்மட்டம், 1930களில் ஏரி நிரம்பத் தொடங்கியபின் காணாத அளவுக்குத் தாழ்ந்தது.

‘தேவை’ என்ற சொல்லையும் சற்றுச் சோதிக்க வேண்டும். மாநிலங்கள் தேவை என்று சொன்னது பெரும்பாலும் உரிமைப் பங்கையே. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு வடிநிலம் முழுவதும் செலவாகும் நீரைக் கணக்கிட்டது. அதில் 32 விழுக்காடு மாட்டுத் தீவனப் பயிர்களுக்குப் போகிறது; 11 விழுக்காடு நீர்த்தேக்கங்களிலிருந்து ஆவியாகிறது. நாலு கோடி மக்களின் குடிநீருக்கு இவ்வாறு உதவுகிறது என்பது மெய்யே. ஆனால் பஞ்சம் வந்ததும் நகரக் குழாயை மட்டும் சுட்டிக்காட்டுவது கணக்கறியாப் பேச்சு.

2007இல் வகுத்த இடைக்கால விதிகளின் காலம் 2026 முடிய. அடுத்த ஏற்பாட்டுக்காக 2025இல் பேசப்பட்ட யோசனைகளுள் ஒன்று, நிலையான அளவை விட்டுவிட்டு, முந்திய மூன்று ஆண்டுகளின் இயல்பான வரத்துச் சராசரியில் ஒரு பங்கை மேல் வடிநிலம் கீழே விடுவது என்பது. ஆறு இளைத்தால் பங்கும் இளைக்கும் என்பதால் பழைய முறையிலும் இது மேல். ஆயினும் அந்தப் பங்கு மீட் ஏரிக்கு வந்து சேர்ந்தபின், அங்கே ஆவியாவதை எந்த மாநிலத்தின் பெயரில் எழுதுவது என்பதையும் அதே ஏட்டில் குறித்தாக வேண்டும்.