தூஜா பைத்தியம்

சித்திரை மத்தியானம், வில்லியனூர். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எதிர்வீட்டுக் குரோட்டன்ஸ் துவண்டுபோச்சு, செம்பருத்தி மொட்டை எல்லாம் உதிர்த்துடுச்சு. அந்த வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் வாசலில் ஓர் ஆள் ஒரு செடியைப் பார்த்து இளித்துக்கொண்டு நிற்கிறான்னா, சந்தேகமே வேண்டாம், அது நான்தான்!

பின்னே என்னங்க? கோல்டன் தூஜாவை நீங்க பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கீங்களா? விசிறி விசிறியா இலை, ஒவ்வொரு விசிறியும் புத்தகத்தைத் திறந்து நிறுத்தின மாதிரி செங்குத்தா நிற்கும், நுனியெல்லாம் மஞ்சப்பொன், உள்ளே போகப்போக இளம்பச்சை, அதுக்கும் உள்ளே கரும்பச்சை. ஒரு நுனியைக் கிள்ளிக் கசக்கி மோந்து பாருங்க, குங்கிலியம் போட்ட மாதிரி ஒரு வாசம் கிளம்பும், கையைக் கழுவவே மனசு வராது. பூ வேணாம், சீசன் வேணாம், வருஷம் பூரா இதே கலர்!

“ஊசியிலை மரமா? அதெல்லாம் ஊட்டி சமாச்சாரம்”னு சொல்லுவாங்க. தேவதாரு, பைன் எல்லாம் வாங்கி நம்ம சூட்டில் வதைக்காதீங்க, அது சரிதான். ஆனா தூஜாவுக்குப் பூர்வீகம் சீனா, கொரியா பக்கம். கோடைச் சூடு அதுக்குப் புதுசில்லை. (பாகூர்ப் பக்கம் கடலோரச் சவுக்கைக் காட்டி “இதுவும் அந்த ஜாதிதானே”ன்னு கேட்பாங்க. இல்லீங்க, பார்வைக்குத்தான் ஊசியிலை. சவுக்கு பூக்கிற இனம்.)

இப்போ இன்னொரு ஊசியிலை மரம், அரகேரியாவுக்கு வர்றேன், கொஞ்சம் உட்கார்ந்துக்குங்க. நர்சரியில் ‘கிறிஸ்துமஸ் மரம்’னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்களே, அடுக்கடுக்கா, கோபுர நிலை மாதிரி கிளை விட்டுக்கிட்டு, அதேதான். நம்ம பக்கம் பெரும்பாலும் கிடைக்கிற வகைக்குச் சொந்த ஊர் நியூ கலிடோனியா, நம்ம புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கையில் இன்னமும் இருக்கிற மண்! 1774-ல் கேப்டன் குக் கப்பலில் அங்கே போனப்போ, தூரத்தில் நெட்டுக்கு நிக்கிறது மரமா கல்தூணான்னு கப்பலில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கு, கூட வந்த இயற்கை அறிஞர்கள் பாறைன்னே சாதிச்சாங்களாம், நினைச்சுப் பாருங்க! இன்னொண்ணு: இதோட பக்கக் கிளையை வெட்டி நட்டா, வேர் பிடிச்ச பிறகும் அது கிளையாவே படுத்து வளரும், மரமா நிமிரவே நிமிராது, அதனால வாங்கும்போது உச்சிக் குருத்து முழுசா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதுக்கும் மேலே ஒரு கூத்து: 2017-ல் ஐந்து கண்டத்தில் 256 மரத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சியில், உலகத்தில் எங்கே நட்டாலும் இது பூமத்திய ரேகைப் பக்கமாச் சாயுதுன்னு தெரிஞ்சுது, வடக்கே இருக்கிறது தெற்கே, தெற்கே இருக்கிறது வடக்கே, சராசரியா எட்டரை டிகிரி! ரேகைக்குக் கிட்ட வர வரச் சாய்வு குறையுமாம், நாம இருக்கிறதோ பன்னிரண்டு டிகிரியில். இருந்தாலும் என் அரகேரியா தெற்கே பாகூர்ப் பக்கம் ஒரு இம்மியாவது சாஞ்சிருக்கான்னு தினமும் நூல்குண்டு பிடிச்சுப் பார்க்கிறேன், இடுப்பு உயரக் கன்றுதான் அது, வீட்டில் தலையில் அடிச்சுக்கிறாங்க, அடிச்சுக்கட்டும்!

ரெண்டையும் வளர்க்கிறது பெரிய வித்தையில்லை. வேரில் தண்ணி நிக்கக் கூடாது, அவ்வளவுதான். புவிசார் குறியீடு வாங்கின சுடுமண் ஊருக்குள்ளேயே இருக்கும்போது பிளாஸ்டிக் தொட்டி எதுக்கு? அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டி, செம்மண், ஆத்து மணல், மக்கின சாணம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டிக்குக் கீழே ரெண்டு செங்கல். கோடையில் சாயங்காலம் இலை மேலேயே தண்ணியைப் பீச்சி அடிங்க, சிவப்புச் சிலந்தி அண்டாது. தூஜாவைக் கத்தரிக்கும்போது பச்சையோட நிறுத்திக்குங்க, பழுப்புக் கட்டை வரைக்கும் போனா அந்த இடம் மறுபடி துளிர்க்காது. உள்பக்கம் கொஞ்சம் காஞ்ச இலை சேரும், மெதுவாத்தான் வளரும்… சரி, அதெல்லாம் ஒரு குறையா?

அடைமழை ஓய்ஞ்சு தை பிறந்ததும் வாங்கி வைங்க. வெயில் ஏறுறதுக்குள்ளே வேர் ஊனிக்கும். அரகேரியாவைத் தரையில் வைக்கிறதா இருந்தா மட்டும், மேலே மின்கம்பி போகுதான்னு ஒரு தடவை அண்ணாந்து பார்த்துடுங்க, தென்னையைத் தாண்டிப் போற மரம் அது!