முளைப்பாரியின் மஞ்சள்

மதுரை, ராமநாதபுரம் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி வரிசை வரும்போது என் கண் முதலில் தேடுவது நிறத்தைத்தான். பச்சை அண்டாத அந்த இளமஞ்சள் இருட்டு மட்டுமே தரக்கூடியது.

மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருத்தூளும் பரப்பி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை எல்லாம் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். இருட்டில் முளை, விதையின் சேமிப்பை இலைக்குச் செலவழிப்பதில்லை. தண்டை நீட்டுவதிலேயே போடுகிறது. இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகத்தான் அதன் எண்ணம். குனிந்து பாருங்கள்: தண்டு வெளிறி, நொய்ந்து, நுனி கவிழ்ந்து, இலை விரியாமல் சுருங்கி.

பயறுச் செடிகளில் பச்சையம் உருவாக ஒளி வேண்டும். வெயில்தான் வேண்டும் என்றில்லை. குழல் விளக்கை எரியவிட்டாலும் சில மணி நேரத்தில் பச்சை ஏறத் தொடங்கும், தண்டின் ஓட்டமும் மட்டுப்படும். பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பொளியை உணர்ந்துவிடுகிறது. நீல ஒளியை உணர வேறு நிறமிகள் உண்டு. எந்த விளக்கில் வந்த ஒளி என்று அவை பார்ப்பதில்லை.

உயரமான பாரியைத்தான் ஊர் மெச்சும். எனக்கோ சாயாமல் நிமிர்ந்து நிற்பதே உசத்தி. கதவிடுக்கில் கொஞ்சம் ஒளி கசிந்தாலும் முளைகள் அந்தப் பக்கமே வளைந்துவிடும். வளர்த்தவரின் கவனம் அதில் அப்படியே தெரியும்.