சலேசிய சபையின் விதிகளும் வடாற்காட்டுத் தோல் தொழில் பகுதியும்

சலேசிய சபை இத்தாலியின் டூரின் நகரில் தொன் போஸ்கோ (1815–1888) தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபை. 1906-இல் தஞ்சாவூரில் தமிழகப் பணியைத் தொடங்கியது. 1928-இல் சென்னை உயர்மறைமாவட்டப் பொறுப்பை ஏற்றபின் வடாற்காடும் அதன் பணிக்களமாயிற்று. 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியது. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது முதல் இரு ஆயர்களும் இச்சபையினரே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களைக் கொண்ட இந்நிலப்பகுதியில் சபை தன் விதிகளின் உட்பொருளை எவ்வாறு பொருள்கொண்டது என்பது ஆராயத்தக்கது.

விதிகளின் உருவாக்கம்

1855-இல் பியத்மாந்து அரசு பல துறவு மடங்களைச் சட்டத்தால் கலைத்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ரத்தாசியே 1857-இல் தொன் போஸ்கோவுக்கு ஒரு வழி சொன்னார்: உறுப்பினர்கள் குடிமக்களுக்குரிய உரிமைகளோடும் கடமைகளோடும் இருக்கும் சங்கத்தை அரசு தொடாது. அதன்படி 1858 முதல் விதிகள் எழுதப்பட்டன. 1859 டிசம்பர் 18-இல் சபை தோன்றியது. உரோமையின் நிலையான ஒப்புதல் 1874 ஏப்ரல் 3-இல்தான் கிடைத்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் உரோமை பல திருத்தங்களைக் கேட்டது. நவதுறவியர் இளைஞர் நடுவே வேலை செய்தபடியே பயிற்சி பெறவேண்டும் என்றார் தொன் போஸ்கோ. தனித்திருந்து ஓராண்டுப் பயிற்சி பெறவேண்டும் என்றது உரோமை. இல்லறத்தாரும் சபையின் வெளி உறுப்பினராகலாம் என்ற பிரிவு நீக்கப்பட்டது. அவர்களுக்காக 1876-இல் உடன்உழைப்பாளர் அமைப்பு தனியே உருவானது. சபை பிறந்த கதையைச் சொன்ன தொடக்கப் பகுதியும் நீக்கப்பட்டது.

கதை இழந்த விதி

மூன்றாவது நீக்கமே ஆன்மிக அடையாளத்தை மிகவும் பாதித்தது எனலாம். கட்டடத் தொழிலாளரும் புகைபோக்கி துடைப்போருமான சிறுவர்கள் ஞாயிறுதோறும் கூடிய இடத்திலிருந்து பிறந்தது இச்சபை. 1874 விதிநூலில் கடமைகளும் அதிகாரங்களும் இருந்தன. அந்தச் சிறுவர்கள் இல்லை. கல்வியில் பகுத்தறிவு, சமயம், அன்பு என்ற மூன்றையும் முன்வைத்த தடுப்புமுறையை 1877-இல் தொன் போஸ்கோ தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் துறவற சபைகளைத் தத்தம் நிறுவுநரின் தொடக்க ஊக்கத்துக்குத் திரும்பச் சொன்னது. அதன் பயனாக 1984-இல் ஒப்புதல் பெற்ற புதிய விதிகளில் அந்த முதல் இல்லம் அளவுகோலாக அமர்ந்தது. சபையின் எந்தப் பணியும் இளைஞருக்கு வீடாகவும், பங்காகவும், பள்ளியாகவும், விளையாட்டுத் திடலாகவும் இருக்கிறதா என்று கேட்கிறது 40-ஆம் விதி. உழைக்கும் இளைஞரையும் வேலை தேடுவோரையும் 27-ஆம் விதி தனியே குறிப்பிடுகிறது.

தோல் தொழில் பகுதியில்

தொன் போஸ்கோ 1853-இல் திறந்த முதல் தொழிற்கூடங்களில் ஒன்று செருப்புத் தைக்கும் கூடம். ஆயின் காலணிக்குப் பெயர்பெற்ற ஆம்பூர் வட்டாரத்தில் சபையின் பெயரைப் பரப்பியது கலை, அறிவியல் கல்லூரி. 1954-இல் காட்பாடியில் ஆக்சீலியம் கல்லூரியைத் தொடங்கிய சலேசிய அருள்சகோதரியரும் இதே வழியில் சென்றனர். இதற்கு முன்பே, 1919-இல், வாணியம்பாடியில் முஸ்லிம் சமூகம் இஸ்லாமியா கல்லூரியை நிறுவியிருந்தது.

தொழிற்கூடத்திலிருந்து கல்லூரிக்கு வந்தது விதியிலிருந்து விலகலா? டூரினில் செருப்புத் தைக்கக் கற்ற ஏழைச் சிறுவனுக்கு அது கூலியும் மதிப்பும் தந்தது. இங்கோ தோல் வேலையைச் சாதி சிலர்மேல் சுமத்தியிருந்தது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு அதே வேலையைப் பயிற்றுவிப்பது விடுதலை ஆகாது. பட்டப்படிப்பு வெளியேறும் கதவானது. எனவே கல்லூரி என்ற தேர்வு விதியின் எழுத்தை மீறி அதன் உட்பொருளைக் காத்தது.

ஆனால் கதவு வழியே வெளியேறுவோர் சிலரே. காலணி ஆலைகளில் பெரும் எண்ணிக்கையில் பெண்கள் பணிபுரிகின்றனர். பதனிடும் தொட்டிகளருகே நிற்போரும் இருக்கின்றனர். டூரினில் தொன் போஸ்கோ தொழில் மட்டும் கற்பிக்கவில்லை. 1850-களின் தொடக்கத்தில் பயிற்சிச் சிறுவர்களுக்காக முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தம் செய்தார். சிறுவனை அடிக்கக் கூடாது, ஓய்வுநாள் தரவேண்டும் என்று அதில் எழுதி, தாமும் கையொப்பமிட்டார். தொழிலை விட்டுச் செல்வோருக்குக் கல்லூரி விடை தருகிறது. தொழிலிலேயே இருப்போருக்கு அந்த ஒப்பந்தமே முன்மாதிரி.

மதிப்பீடு

சலேசிய அடையாளம் விதிநூலில் முழுமையாக அடங்கியதில்லை. 1874-இல் விதிக்கு வெளியே நின்ற கதை, 110 ஆண்டுகள் கழித்து உள்ளே வந்தது. அந்தக் கதையில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத் திடலும் உண்டு, திங்கட்கிழமை பட்டறையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் 40-ஆம் விதியை 27-ஆம் விதியோடு சேர்த்து வாசிக்கும்போதே அக்கதை முழுமை பெறுகிறது.