வேங்கடத்தின் கணக்கில் வராதவர்கள்

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' (2008) பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசிக் காட்சியில் போய் நின்றுவிடுகிறார்கள். பாதி நெய்த பட்டு. மகள் தாமரையின் முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது. படத்துக்கும் பிரகாஷ் ராஜுக்கும் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் சிக்கல் அதற்கு முன்னால் வரும் வேலைநிறுத்தத்தில்.

நெசவாளிகளைத் திரட்டி முதலாளியிடம் கோரிக்கை வைப்பவன் வேங்கடம். அவர் மறுக்க, தறிகள் நிற்கின்றன. அதே வேங்கடம்தான், மகள் பிறந்தபோது கொடுத்த வாக்குக்காக, பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து ரகசியமாக ஒரு சேலை நெய்கிறான். கல்யாணம் நெருங்குகிறது. நூல் வேண்டும், அதற்குத் தறி ஓட வேண்டும். போராட்டத்தைக் கைவிடச் சொல்கிறான். யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. ஆனால் கெடுதல் நடந்துவிடுகிறது.

படம் இங்கே என்ன செய்கிறது? திருட்டுக்குச் சிறை உண்டு, 1948இல் போலீஸ் காவலோடு ஊர் திரும்பும் பேருந்துப் பயணம் உண்டு. முதலாளிக்குப் பட்ட கடன் பைசா பாக்கியில்லாமல் வசூலாகிறது. தோழர்களுக்குப் பட்ட கடன்? நண்பன் சீறுகிறான், சம்பந்தம் முறிகிறது. அதுவும் இரண்டு குடும்பத்துத் தகராறாகச் சுருங்கிவிடுகிறது.

எங்கள் மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்து எழுந்தபின் ஓர் அறிக்கை எழுதுவோம். யார்மேலும் பழி போடக்கூடாது என்பது விதி. (நிஜத்தில் போடுவார்கள், அது வேறு கதை.) ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் யார், எவ்வளவு நேரம் என்று எழுதாமல் அதை மூடவே முடியாது. இந்தப் படம் காரணங்களை அழகாக எழுதுகிறது, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோர்க்க, தறியில் இன்னொரு கை வேண்டும். வெகுகாலம் அது பல வீடுகளில் ஒரு சிறுவனின் கை. தறி நின்றால் அவன் கூலியும் நிற்கும். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, எதை அடகு வைத்தார்கள், தோற்றுத் திரும்பியவர்களிடம் முதலாளி எந்தக் குரலில் பேசினார்?

துன்பியலுக்கு ஒரு மனிதன் போதும்ங்கிறது ஒரு வாதம். சரிதான். ஆனால் பொதுவுடைமை எழுத்தாளரை ஊருக்குள் கொண்டுவந்து கூட்டம் சேர்த்தது இந்தப் படம்தானே? மறுநாள் தறிக்குப் போகும் வழியில் ஒரு நெசவாளி வேங்கடத்தின் வாசலில் நின்று, "இத்தனை நாள் எதுக்குப்பா பட்டினி கெடந்தோம்?" என்று கேட்கும் காட்சி ஒன்று இருந்திருக்கலாம். பிரகாஷ் ராஜ் அப்போது என்ன முகம் காட்டியிருப்பார் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.