‘தொடாதே’ என்றால் மட்டும் போதுமா?

விலையில்லாத, ஆசிரியர் பெயரில்லாத ஒரு நூலை இம்முறை மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க வீடுகளில் கார்க் கொட்டகையின் கதவை இயக்கும் மோட்டாரோடு ஒரே பெட்டியில் வரும் கையேடுதான் அது. இதற்கு ஒரு விமர்சனமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இயற்பியலோடு நேரடியாக மோதும் இடம் இத்தகைய கையேடுதான். அது நன்றாக எழுதப்படாவிட்டால் இழப்பு மதிப்பெண்ணோடு நிற்காது.

டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி பழைய வீடு ஒன்றை வாங்கினான். ஒரு நாள் அவ்வீட்டின் கொட்டகைக் கதவு பாதி உயரம் ஏறி நின்றுவிட்டது. மோட்டாரின் விசையைக் கூட்ட இரண்டு திருகுகள் உண்டு என்று கையேட்டில் படித்து, இரண்டையும் கூட்டிவிட்டான். கதவு ஏறியது. பிறகு எனக்குத் தொலைபேசியில் பேசினான்: “அண்ணா, மேலே ஒரு பெரிய சுருள்வில் இருக்கிறது. அதை நானே கொஞ்சம் முறுக்கிவிடலாமா? ‘தொடாதே’ என்று போட்டிருக்கிறான்; ஏன் என்று போடவில்லை.” அவன் வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். சுருள்வில்லின் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டுக் கையேட்டை வரவழைத்துப் படித்தேன்.

முதலில் அதன் நிறைகளைச் சொல்லிவிடுவோம். படங்கள் தெளிவானவை. மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனைகள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. இந்த அக்கறை தானாக வந்ததன்று. 1982 மார்ச்சுக்குப் பின் 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 குழந்தைகள் தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கி இறந்தனர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கையில் தெரிவித்தது. 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் கதவு இயக்கிகளில், தடை எதிர்ப்பட்டால் கதவு திரும்பி மேலே செல்வதோடு, ஒளிக்கண் போன்ற இன்னொரு பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

இனிக் குறைகளைப் பார்ப்போம். இக்கையேட்டில் மூன்று செய்திகள் மூன்று வெவ்வேறு இடங்களில் உள்ளன. தொடக்கத்தில், ‘சுருள்வில்லைத் தொடாதே’ என்ற எச்சரிக்கை. நடுவில், விசைத் திருகுகளைப் பற்றிய குறிப்பு. கடைசியில், கதவின் சமநிலையைச் சோதிக்கும் முறை. இம்மூன்றும் ஒரே உண்மையின் மூன்று முகங்கள் என்பதை நூல் எங்குமே கூறவில்லை. அதை நாம் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு கார்கள் நுழையும் கதவு ஒன்றின் நிறை 70 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் எடை சுமார் 690 நியூட்டன். ஆயினும் ஒற்றைக் கையால் அதைத் தூக்க முடிகிறது. ஏனெனில் அந்த எடையைத் தாங்குவது மோட்டார் அன்று, சுருள்வில். நம் ஊர்க் கடைகளின் ஷட்டரைச் சிறு பையன்கூட மேலே தள்ளிவிடுகிறானே, அங்கும் மேலுள்ள உருளைக்குள் சுருள்வில் இருந்து வேலை செய்கிறது. கொட்டகைக் கதவின் உயரம் ஏறத்தாழ 2.1 மீட்டர். கதவு திறக்கும்போது அதன் பலகைகள் மடங்கிக் கூரைக்கடியில் படுத்துவிடுகின்றன. அதாவது அதன் ஈர்ப்பு மையம் 1.05 மீட்டர் உயர்கிறது. இதற்கு வேண்டிய ஆற்றல் 70 × 9.8 × 1.05, அதாவது சுமார் 720 ஜூல். 10 கிலோகிராம் கல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இது.

இந்த ஆற்றல் சுருள்வில்லில் எப்போது மிகுதியாக இருக்கும்? கதவு மூடி, வீடே அமைதியாக இருக்கும்போதுதான்! ஸ்பானரை எடுத்துக்கொண்டு மனிதன் பழுதுபார்க்கப் போவதும் அப்போதுதான். சுருள்வில்லைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால், அந்த 720 ஜூலும் அவன் கையிலுள்ள கம்பியின் வழியே ஒரு நொடியில் வெளிப்படும். கதவின் அடிமுனையில் எஃகு வடம் மாட்டியிருக்கும் இடத்திலும் இதே இழுவிசை உண்டு.

இப்போது என் தம்பி செய்த காரியத்துக்கு வருவோம். சுருள்வில் தளர்ந்து கால் பங்கு வலுவை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் எடையில் சுமார் 170 நியூட்டனைத் தாங்க ஆள் இல்லை. இறங்கும்போது மோட்டார் கதவைக் கீழே தள்ளுவதில்லை. விழாமல் பிடித்துக்கொண்டே இறக்குகிறது. அடியில் ஒரு குழந்தை அகப்பட்டால் என்ன ஆகும்? அந்த 170 நியூட்டன் முழுவதும் குழந்தையின் மேல் இறங்கும் வரை மோட்டாரின் சுமை கூடாது, குறையத்தான் செய்யும். சுமை கூடுவதை வைத்தே தடையை உணரும் மோட்டாருக்கு, தடை இருப்பதே தெரியாது. அதன் பின்னரும், திருகைக் கூட்டி வைத்திருப்பதால், அது இன்னும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். ஒளிக்கண் காப்பாற்றாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அது தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஒரே ஒரு கோட்டை மட்டுமே காண்கிறது. அக்கோட்டுக்கு வெளியே இருப்பது அதற்குத் தெரியாது.

ஆகவே சமநிலை இல்லாத கதவில் விசைத் திருகைக் கூட்டுவது பழுதை நீக்குவதன்று, பழுதை மறைப்பது. இந்த ஒரு வாக்கியம் அந்தக் கையேட்டில் இல்லை. மாறாக, பக்கத்துக்குப் பக்கம் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி இருக்கிறது. விரல் நசுங்கும் என்பதற்கும் உயிர் போகும் என்பதற்கும் ஒரே குறி! எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கத்தினால் எதுவும் காதில் ஏறாது.

‘காரணம் சொன்னால், அரைகுறையாகப் புரிந்துகொண்டு தாமே கழற்றத் துணிவார்கள்’ என்று தயாரிப்பாளர் கூறக்கூடும். இதை நான் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்வது வேறு, செய்முறையைச் சொல்வது வேறு. என் தம்பியைத் துணிய வைத்தது அறிவன்று, அறியாமை. ‘மூடிய கதவின் சுருள்வில்லில் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழும் கல்லின் ஆற்றல் இருக்கிறது’ என்று சொன்னதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு அவனைச் சமநிலைச் சோதனை செய்யச் சொன்னேன். கதவு மூடியிருக்கும்போது மட்டுமே சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரிக்க வேண்டும். திறந்திருக்கும்போது இழுத்தால், வலுவிழந்த சுருள்வில்லால் கதவு தடாலென விழக்கூடும். கதவைக் கையால் பாதி உயரம் தூக்கினால் அது அங்கேயே நிற்க வேண்டும். அவனும் நண்பர் ஒருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தபோது நிற்கவில்லை, கீழே சரிந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் வந்து சுருள்வில்லை மாற்றினார். இத்தகைய சுருள்வில் பொதுவாக 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகூட வராது. பழைய வீட்டில் அது களைத்துப்போனதில் வியப்பில்லை. பின்னர் திருகுகளைக் குறைத்து, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரக்கட்டையைக் கதவின் அடியில் படுக்க வைத்துச் சோதித்தார்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலே சென்றது.

மாணவ நண்பர்களே, இந்தக் கண்டனத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஹூக் விதியை நடத்தும்போது ஐம்பது கிராம் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, நீட்சியை அளந்து, வரைபடத்தோடு பாடத்தை முடித்துவிடுவேன். நிலையாக இருக்கும் சுருள்வில்லில் ஆளைக் கொல்லும் ஆற்றல் அடங்கியிருக்கலாம் என்று வகுப்பில் நான் ஒருமுறையும் சொன்னதில்லை. இந்த ஆண்டு முதல் அந்த 720 ஜூல் கணக்கையும் கரும்பலகையில் போடுகிறேன். கையேடு எழுதுவோரும் அதற்கு இரண்டு வரி ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதுவரை, இத்தகைய வீடுகளில் வாழும் உங்கள் உறவினருக்கு இந்தக் கணக்கை நீங்களே எழுதி அனுப்புங்கள்.