கடிகாரத்தின் பக்கம் நின்ற கவிஞன்

விஞ்ஞானம் இயற்கையைச் சிறைப்பிடித்தது, அடுத்து மனிதனைச் சிறைப்பிடித்தது, கவிஞன் மட்டும் வெளியே நின்று எச்சரித்துக்கொண்டிருக்கிறான் - இப்படி ஒரு சித்திரம் நம் சிறுபத்திரிகைக் கவிதைகளில் வெகுகாலமாகத் தொங்குகிறது. ஒரு பக்கம் யந்திரம், புகை, எண், சோதனைக்குழாய். எதிர்ப்பக்கம் ஒரு மரம், ஒரு குருவி, பெரும்பாலும் மழை. படிமங்கள் தேய்ந்துவிட்டன என்பதல்ல என் ஆட்சேபம். தேய்ந்த படிமத்தையும் நல்ல கவி புதுப்பித்துவிடுவான். இந்தச் சித்திரம் கவிஞனை நிறுத்தியிருக்கும் இடம் பொய். இதைக் காட்ட எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்.

அலெக்ஸி காஸ்தெவ். 1882இல் ருஷ்யாவில் சூஸ்தல் நகரில் பிறந்தவர். உலோகத் தொழிலாளி, தொழிற்சங்கவாதி. ஜார் ஆட்சியில் சிறையும் கடுங்குளிர்ப் பிரதேசங்களும் கண்டு, தப்பி, பாரிஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். இதோடு கவிஞர். 'தொழிலாளியின் அடி' பற்றிய கவிதைகள் என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய தொகுப்பு 1918இல் வந்து, சில ஆண்டுகளுக்குள் பல பதிப்புகள் கண்டது. அந்த வசன கவிதைகளில் மனிதன் இரும்போடு இரும்பாக ஆலையின் கூரைக்கு மேல் வளர்கிறான். சங்கொலி ஊதினால் லட்சம் பேர் ஒரே விநாடியில் சுத்தியலைத் தூக்குகிறார்கள். மோசமான கவிதை என்று தள்ளிவிட முடியாது. வேகமும் ஒரு கொடூரமான சங்கீதமும் உள்ள எழுத்து. 1919இல் ஒரு கட்டுரை எழுதினார். வருங்காலத் தொழிலாளி வர்க்கத்தின் மனோதத்துவமே யந்திரமயமாகும், ஆட்களுக்குப் பெயர் தேவைப்படாது, எழுத்துகளாலோ இலக்கங்களாலோ குறித்தால் போதும், உணர்ச்சியைக்கூடச் சிரிப்பாலும் கூச்சலாலும் அளக்காமல் அழுத்தமானியைக் கொண்டு அளக்கலாம் என்றது அந்தக் கட்டுரை. பயந்து எழுதியதல்ல, ஆசைப்பட்டு எழுதியது. இதே இயக்கத்தைச் சேர்ந்த போக்தானவ் உடனே மறுத்தெழுதினார். (போக்தானவ் மருத்துவர். 1928இல் தன் உடம்பில் தானே ரத்தம் மாற்றிப் பரிசோதித்து இறந்தவர். விஞ்ஞான மோகம் அவருக்கும் குறைந்ததில்லை. மறுத்தவரும் விஞ்ஞானிதான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.)

1920இல் காஸ்தெவ் மாஸ்கோவில் மத்திய உழைப்பு நிலையத்தை ஏற்படுத்தினார். கவிதை எழுதுவதை ஏறக்குறைய விட்டார். அங்கே உளியால் உலோகம் செதுக்குவதை, சுத்தியலால் அடிப்பதை, அசைவு அசைவாகப் பிரித்துக் கற்பித்தார்கள். ஒரு பயிற்சி எப்படியென்றால், தானாக அடிக்கும் யந்திரச் சுத்தியல் ஒன்றைப் பயிற்சியாளன் பிடித்துக்கொள்ள வேண்டும். அது அவன் கையை அரைமணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும். லயம் உடம்பில் ஏற வேண்டும் என்பது கணக்கு. லயம் - கவிஞனின் சொல். கவிதையை விட்டுவிட்டு நிர்வாகத்துக்குப் போனார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நிலையம் அவருடைய அடுத்த கவிதை. காகிதத்துக்குப் பதில் தசை.

இந்த நிலையத்தின் மூலபாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட 'விஞ்ஞான நிர்வாகம்' பற்றிய புத்தகம். அதன் புகழ்பெற்ற பக்கங்கள் 1899இல் பெத்லஹேம் இரும்பாலையில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்கின்றன. ஆளுக்கு ஆள் 92 பவுண்டு இரும்புப் பாளத்தைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றுகிறார்கள். நாளுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தவனை, நில் என்றால் நிற்க, நட என்றால் நடக்க வைத்து நாற்பத்தேழரை டன் ஏற்றச் செய்தார். கூலி ஒரு டாலர் 15 சென்டிலிருந்து ஒரு டாலர் 85 சென்ட் ஆயிற்று. உழைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இந்தக் கதையில் டெய்லர் கற்பனையும் கலந்திருக்கிறார் என்று பின்னால் ஆவணங்களைப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அது போகட்டும். டெய்லரின் வாதம்தான் முக்கியம். இரும்பு தூக்குவதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் இரும்பு தூக்கத் தகுந்தவன் எவனோ அவனுக்கு அது புரியாது. அவன் மாட்டுப் புத்திக்காரன். ஆகவே புரிந்த ஒருவர் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த வாதத்தில் விஞ்ஞானம் என்பது கண்டுபிடிப்பின் பெயர் இல்லை. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதன் பெயர். 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவ ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் கடிகாரத்தைக் கண்டதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. லெனின் 1914இல் டெய்லர் முறையை மனிதனை யந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று எழுதினார். 1918 ஏப்ரலில் அதையே கற்க வேண்டும், கற்பிக்க வேண்டும் என்று எழுதினார்.

எவ்கெனி ஸம்யாதினின் 'நாம்' நாவலை இந்த இடத்தில் படிக்க வேண்டும். 1920-21இல் எழுதப்பட்டது, 1924இல் முதலில் ஆங்கிலத்தில், நியூயார்க்கில் வெளியாயிற்று, சோவியத் மண்ணில் 1988 வரை காத்திருந்தது. காஸ்தெவ் வேண்டிய உலகம் அங்கே நடந்தேறிவிட்டது. டி-503, ஐ-330, ஆர்-13 என்று மனிதர்கள் இலக்கங்களாகிவிட்டார்கள். எல்லோரும் ஒரே விநாடியில் எழுகிறார்கள், ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது முறை மெல்லுகிறார்கள், காதலுக்குச் சீட்டு வாங்குகிறார்கள். உணவு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. காடும் மிருகமும் பச்சைச் சுவருக்கு அப்பால். டெய்லர் அவர்களுக்கு ஞானி. கான்ட்டைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிய முன்னோர்கள் டெய்லரைக் கவனிக்காமல் போனது கதாநாயகனுக்கு விளங்கவே இல்லை. பழைய இலக்கியத்தில் எஞ்சிய மகத்தான நூல் என்று அவன் கருதுவது ரயில்வே கால அட்டவணையை.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் இந்த நாவலுக்கு எழுதிய மதிப்புரையில், இதன் இலக்கு ஒரு குறிப்பிட்ட நாடு அல்ல, யந்திர நாகரிகம், மனிதன் யோசிக்காமல் குடுவையிலிருந்து திறந்துவிட்ட பூதம் என்ற பொருளில் சொன்னார். பாதி சரி. மீதிப் பாதியில்தான் நம் கவிஞர்களின் தவறும் இருக்கிறது. ஸம்யாதின் கப்பல் பொறியாளர். 1916-17இல் இங்கிலாந்தில் ருஷ்யாவுக்காகப் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்த்தவர். யந்திரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் இல்லை, காறித் துப்பியதும் இல்லை. நாவலில் கலகக்காரியான ஐ-330 எந்த ஆயுதத்தை எடுக்கிறாள்? குருவியை அல்ல, கணிதத்தை. கடைசிப் புரட்சி முடிந்துவிட்டது என்கிறவனிடம், கடைசி எண் எது சொல் என்கிறாள். எண்களுக்கு முடிவில்லை, அவன் கணிதக்காரன், வாயடைத்துப் போகிறான். பள்ளி நாளில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைக் கண்டு அழுத பையன் அவன். அரசாங்கத்துக்குப் பிடித்தது நாலு அடிப்படைக் கணக்குகள் மட்டும். அதற்கு மேல் போனால் விஞ்ஞானமே கலகம். இதை ஆர்வெல் பார்க்கவில்லை.

அப்படியானால் கவிஞர்கள் எங்கே? ஆர்-13 அரசுக் கவிஞன். மரண தண்டனைத் தீர்ப்பைச் செய்யுளாக்குவது அவனுக்கு வந்த பணி. சுவருக்கு அப்பால் நின்று எச்சரிப்பவனாக அல்ல, அலுவலகத்துக்குள் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவனாகத்தான் கவிஞனை ஸம்யாதின் வைத்தார். அவனும் கடைசியில் கலகத்தில் செத்துப் போகிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவலின் முடிவில் எல்லோருக்கும் ஓர் அறுவை நடக்கிறது. மூளையில் கற்பனை இருக்கும் சின்ன முடிச்சை ஊடுகதிரால் மூன்று முறை சுட்டுவிடுகிறார்கள். டி-503 அதற்குப் பிறகு, தான் காதலித்தவள் சித்திரவதைக்குள்ளாவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய வாக்கியங்கள் அப்போதும் தெளிவாகவே இருக்கின்றன. இன்னும் தெளிவாக. இருபதாம் நூற்றாண்டின் எந்தக் கொடுங்கனவுக் கதையிலும் நடையே தண்டனையாக மாறுவதை இவ்வளவு சிக்கனமாக நான் படித்ததில்லை.

ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவல் பக்கத்தில் வைத்தால் மெலிந்துபோகிறது. அங்கே ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்த ஒருவன் ஆய்வுக்கூட உலகத்தின் முன் நிறுத்தப்படுகிறான். இலக்கியம் ஒருபுறம், விஞ்ஞானம் ஒருபுறம். கல்லூரியில் ஆங்கிலம் படித்த நம் எல்லோருக்கும் இதமான ஏற்பாடு. பி.ஏ. வகுப்பில் எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

கவுன்டரில் உட்கார்ந்த பிறகு பார்வை வேறாகிவிடுகிறது. டோக்கன் எந்த நிமிஷத்தில் கிழிக்கப்பட்டது, எந்த நிமிஷத்தில் வேலை முடிந்தது, நடுவில் நான் எத்தனை நிமிஷம் நாற்காலியில் இல்லை என்பதைக் கணினி வைத்துக்கொள்கிறது. கணினிமேல் எனக்குக் கோபம் இல்லை, அது கூட்டுகிறது. மாத இலக்கை அறிவிக்கும் சுற்றறிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு குறளோடு ஆரம்பிக்கும். குறளைப் பொருத்தமாகத் தேர்ந்து தருபவர் தமிழ் எம்.ஏ. படித்த அதிகாரி, உண்மையிலேயே நல்ல ரசிகர். மிரட்டலை ஆங்கிலத்தில் எழுதினால் மிரட்டல். குறளுக்குக் கீழே எழுதினால் அறம். கட்டுப்படுத்த வேண்டும் என்ற ஆசை முதலில் வருகிறது, அளவைகளைத் தர விஞ்ஞானத்தை அழைக்கிறது. அதற்கு ஒரு ஓசை வேண்டும், அதனால் நம்மையும் அழைக்கிறது. நாம் போகிறோம்.

போனார்கள் என்பதற்கு சரித்திரத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கால்வாய். 227 கிலோமீட்டர். 1931 முதல் 1933 வரை கைதிகள் வெட்டினார்கள். ஆவணங்களில் பதிவான சாவுகளே 12,000க்கு மேல். இயற்கையை மாற்றும்போது மனிதனும் மாறுகிறான், பாறையை உடைக்கிற குற்றவாளி புது மனிதனாக வார்க்கப்படுகிறான் என்பது கால்வாயின் தத்துவம். இயற்கையின் மீதான ஆதிக்கமும் மனிதன் மீதான ஆதிக்கமும் இங்கே ஒரே வாக்கியமாகிவிட்டன. இந்த வாக்கியத்தை எழுதியது யார்? 1933 ஆகஸ்டில் சுமார் 120 எழுத்தாளர்கள் கால்வாயைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகப்பட்டார்கள். அவர்களில் பலரும் இன்னும் சிலரும் சேர்ந்து 36 பேர் பெயரில் ஒரு பெரும் புத்தகம் 1934இல் வந்தது. தொகுத்தவர்களில் மக்ஸிம் கார்க்கி ஒருவர். எழுதியவர்களில் நம்மில் உருவவாதம் பேசுகிறவர்கள் மறக்காமல் மேற்கோள் காட்டும் ஷ்க்லோவ்ஸ்கி ஒருவர். அவருடைய சகோதரர் அதே கால்வாயில் கைதியாக இருந்தார். அவரைக் காப்பாற்ற ஷ்க்லோவ்ஸ்கி எழுதியிருக்கலாம், அதை எடைபோட எனக்குத் தராசு இல்லை.

கால்வாயில் விஞ்ஞானம் எவ்வளவு இருந்தது? குந்தாலி, தள்ளுவண்டி, மரத்தால் செய்த மதகுகள். ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் போக முடியவில்லை. விஞ்ஞானத்தின் பங்கைவிட வசனத்தின் பங்கு அதிகம். 1937இல் தொகுப்பாளர்களில் இருவர் கைதாகிச் சுடப்பட்டார்கள். புத்தகமும் திரும்பப் பெறப்பட்டது. ஸம்யாதின் அந்தப் பட்டியலில் இல்லை. 1931இலேயே, வெளியே போக அனுமதி வேண்டும் என்று ஸ்டாலினுக்கு நேரடியாகக் கடிதம் எழுதிப் போய்விட்டார். 1937இல் பாரிஸில் இறந்தார். காஸ்தெவ் 1938இல் கைதாகி, 1939 ஏப்ரலில் சுடப்பட்டார்.

காஸ்தெவின் நிலையத்துக்குள்ளேயே நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. 1922இல் நிகலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சுத்தியல் அடிக்குச் சரியான ஒரே பாதையைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று நிலையம் எதிர்பார்த்தது. தொழிலாளியின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் தலை ஆகியவற்றில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டி, சுழலும் மூடி வழியாகப் படம் எடுத்தார். ஒளிப்புள்ளிகளைக் கோடாக்கி அளந்தார். கைதேர்ந்த தொழிலாளி நூறு முறை அடித்தால் சுத்தியல் விழும் இடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் தோளும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் போகின்றன. ஒரு மூட்டின் பிசகை இன்னொரு மூட்டு வழியிலேயே சரிசெய்துகொள்கிறது. திறமை என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வது அல்ல, ஒவ்வொரு அடியிலும் பிரச்சினையைப் புதிதாகத் தீர்ப்பது. டெய்லருக்கும் காஸ்தெவுக்கும் கிடைத்த முழுமையான மறுப்பு இது. பின்னாளில் அசைவு பற்றிய விஞ்ஞானத்துக்கே அது அடிப்படையாயிற்று. விளக்கும் கேமராவும் அளவுகோலும் கொண்டு எழுதப்பட்ட மறுப்பு, கவிதையில் அல்ல. 1948இல் ஸ்டாலின் பரிசு பெற்றவர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாவ்லவின் பெயரால் நடந்த பிரசாரத்தில் தாக்கப்பட்டு வேலையை இழந்தார்.

1920களின் நடுவில் பெர்ன்ஸ்டைன் காஸ்தெவின் நிலையத்தை விட்டு விலகியபோது, யந்திரச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு புது ஆட்கள் லயம் பழகிக்கொண்டிருந்தார்கள்.