பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்காது

ஆறுதல் புத்தகங்களுக்கு எந்தக் காலத்திலும் மார்க்கெட் உண்டு. வேலை போய்விடுமோ என்ற பயம், பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை தூங்காத ராத்திரி, இப்படி ஏதோ ஒன்றில் கலங்கி நிற்பவருக்கு யாராவது ஒரு புத்தகத்தை நீட்டுவார்கள். எல்லா மதத்திலும் இது நடக்கிறது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் இதற்கென்றே தனி அலமாரி. பெரும்பாலும் 'நம்பு, நடக்கும்' ரகம். அந்த வேலையைச் செய்ய மறுக்கிற ஒரு புத்தகம் இருக்கிறது: டீட்ரிஷ் போன்ஹோஃபரின் சிறைக் கடிதங்கள்.

ஆள் யார்? 1906-ல் பிறந்த ஜெர்மானிய லூத்தரன் பாஸ்டர். நாஜிகளுக்கு சர்ச்சுகள் தலையாட்டியபோது ஆட்ட மறுத்தவர்களில் ஒருவர். 1934-ல் காந்தி இவரைத் தன் ஆசிரமத்துக்கு அழைத்து எழுதினார், வர வாய்க்கவில்லை. (வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.) 1939-ல் அமெரிக்கா போனவர் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். சில வாரங்களிலேயே கப்பல் ஏறி ஊர் திரும்பிவிட்டார். அப்புறம் ஹிட்லருக்கு எதிரான சதி வட்டத்தில் சேர்ந்து, 1943 ஏப்ரல் 5-ல் கைது. பெர்லின் டேகல் சிறையில் ஒன்றரை வருஷம். பெற்றோருக்கு எழுதியவை சென்ஸார் கண்ணில் பட்டுப் போயின. நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதியவை, நல்ல மனசுள்ள காவலர் மூலம் கள்ளத்தனமாகப் போயின. 1951-ல் இவற்றைப் புத்தகமாக்கியவர் பெத்கேதான்.

ஆரம்பப் பக்கங்கள் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். சலவைத் துணி, புகையிலை, இந்தப் புத்தகம் அனுப்புங்கள், அந்தப் புத்தகம் அனுப்புங்கள்... பைபிள் எங்கே என்று தேடாதீர்கள். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது: தினமும் சங்கீதம் வாசிக்கிறார், கைதான ஏழே மாதத்தில் பழைய ஏற்பாட்டை இரண்டரை தடவை முடித்துவிடுகிறார். விசாரணை தள்ளித் தள்ளிப் போகிறது. கிறிஸ்துமஸுக்குள் வெளியே வந்துவிடலாம் என்கிறார். வரவில்லை. முடிவு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. படிக்கும்போது தொண்டையை அடைப்பது இதுதான்.

புத்தகத்தின் உச்சம் என்று நான் நினைப்பது 1944 ஜனவரிக் கடிதம் ஒன்று. நேச நாட்டு விமானங்கள் குண்டு போடுகின்றன. எல்லோரும் தரையில் படுத்திருக்கிறார்கள். எப்போதும் ஜாலியாகத் திரியும் ஒருத்தர், பயத்தில் 'கடவுளே, கடவுளே' என்று முனகுகிறார். பக்கத்தில் இருப்பவர் பாஸ்டர். ஒரு ஜெபம், ஒரு வசனம்? ஊஹூம். வாட்சைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்காது என்கிறார். அவ்வளவுதான்.

உங்களுக்குக் கோபம் வரலாம். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? பயந்து கிடப்பவன் தலையில் கடவுளைக் கட்டுவது ஒருவகை மிரட்டல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வருஷம் மே மாதக் கடிதத்தில் இதையே பெரிதாக விரிக்கிறார்: நமக்கு விடை தெரியாத இடங்களை அடைக்கிற பஞ்சாகக் கடவுளைப் பயன்படுத்தாதே. பி.காம். பாஷையில் சொன்னால், கடவுள் ஓவர்டிராஃப்ட் அல்ல, கையில் காசு தீர்ந்ததும் எடுப்பதற்கு. நல்ல நாளில் சந்தோஷத்தின் நடுவிலும் அவர் இருக்க வேண்டும் என்கிறார்.

இதில் பலம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது நடத்தையில். மேல்மாடி அறை கோடையில் கொதிக்கிறது. கீழே மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கைதி இங்கே வந்து வேக வேண்டியிருக்கும் என்று மறுத்துவிடுகிறார். 1944 ஜூலை 20, ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. இனித் தப்ப வழியில்லை என்று புரிந்துபோன மறுநாள் எழுதிய கடிதத்தில் புலம்பல் இல்லை. இந்த உலகத்துக்குள் முழுசாக வாழ்ந்துதான் விசுவாசத்தைக் கற்க முடியும் என்று நிதானமாக எழுதுகிறார். இரும்பு மனிதரா? அதுவும் இல்லை. அதே கோடையில் எழுதிய கவிதையில், காவலர்கள் பார்க்கும் அமைதியான ஆளா, உள்ளே நடுங்கும் ஆளா, யார் நான் என்று தன்னையே குடைகிறார்.

குறை இல்லாமல் இல்லை. 'மதமற்ற கிறிஸ்தவம்' பற்றிய பகுதிகள் எல்லாம் அரைகுறை. எழுத நினைத்த புத்தகத்தின் வரைவுதான் நமக்குக் கிடைப்பது. அதனால் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னொன்று: பெரிய குடும்பத்துப் பிள்ளை. பெர்லின் நகர ராணுவத் தளபதி அவருக்கு மாமா முறை. அது தெரிந்ததும் சிறையில் மரியாதை கூடுகிறது. இந்த வசதி அவருக்கே கூச்சம் என்பதால் மன்னிக்கலாம்.

1945 ஏப்ரல் 9-ல் ஃப்ளோஸன்பூர்க் முகாமில் தூக்கில் போட்டார்கள். இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்துவிட்டது.

வாங்கினால் விரிவான பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அப்பாவும் அம்மாவும் பதிலுக்கு எழுதிய கடிதங்கள் அதில்தான் உண்டு. அந்த ஒரே ஏப்ரலில் இரண்டு மகன்களையும் இரண்டு மருமகன்களையும் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.